சாத்தப்பன் சாத்தப்பன்: ஒரு செட்டிநாட்டுப் பெயர் குடும்பப்பெயரானபோது

தேவகோட்டையில் ஏதாவது ஒரு கல்யாண வீட்டு முகப்பில் நின்றுகொண்டு 'சாத்தப்பன்' என்று குரல் கொடுத்தால், மூன்று நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதே பெயர் மெல்பர்னில் வாழும் என் தம்பி மகளுக்குக் குடும்பப்பெயராக அமைந்திருக்கிறது. அங்கே அவள் படித்த பள்ளியிலும் சரி, இன்று வேலை பார்க்கும் இடத்திலும் சரி, அந்தப் பெயர் கொண்ட இன்னொருவரை அவள் கண்டதில்லை. பெயரைக் கேட்பவர்கள் எல்லாரும் இது எங்கிருந்து வந்தது, என்ன பொருள், எத்தனை பேருக்கு இருக்கிறது என்று விசாரிக்கிறார்களாம். "பெரியப்பச்சி, எனக்கே தெரியாததை நான் அவங்களுக்கு என்ன சொல்றது?" என்று அவள் என்னிடம் கேட்டாள். வங்கிக் கணக்கில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால் பழைய ஏடுகளைப் புரட்டுவதில் எனக்குச் சலிப்பு இல்லை. அவளுக்குப் பதில் தேடப்போய், பெயர் பற்றியும் ஆவணங்கள் பற்றியும் நான் தெரிந்துகொண்டவை எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாத்தப்பன் என்பது எங்களுக்குக் குடும்பப்பெயர் அன்று. அது என் அப்பச்சியின், அதாவது தகப்பனாரின், பெயர். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய எங்கள் வழக்கப்படி மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற ஐயாவின் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்ற ஐயாவின் பெயரையும் இடுவார்கள். பெண் மக்களுக்கும் அப்பத்தா பெயர், ஆயா பெயர் என்று அதே ஒழுங்கு உண்டு. எனவே நான் என் ஐயாவின் பெயரைத் தாங்கியவன், என் மூத்த மகன் என் அப்பச்சியின் பெயரைத் தாங்கிய சாத்தப்பன், அவனுடைய மூத்த மகனுக்கு என் பெயர். பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை சக்கரம்போல் சுற்றி வருமே தவிர, எல்லாத் தலைமுறைக்கும் ஒரே பெயராக நிலைத்து நிற்காது. மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று இருந்த மருமகள்கள், அந்தப் பெயர் வைக்கப்பட்ட தம் பிள்ளையையே வேறொரு செல்லப்பெயரால் கூப்பிட்டு வந்தார்கள். என் மகனை என் ஆத்தா 'சாத்தப்பா' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அது அவர்களுக்குக் கணவர் பெயர்.

குடும்பத்தை அடையாளம் காட்டுவதற்கு எங்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. அதற்கு விலாசம் என்று பெயர். முப்பாட்டனார், பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து எழுதுவதே விலாசம். ஒரே எழுத்தில் பல பெயர்கள் தொடங்குவதால் குழப்பம் வரக்கூடாது என்று எங்கள் பக்கத்தார் ஓர் எழுத்தோடு நிற்காமல் பெயரின் முதல் ஓரிரு எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். சோம.லெ., ராய.சொ., வ.சுப.மாணிக்கம் என்று தமிழில் எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்தாலே இந்த வழக்கம் விளங்கும். ஆங்கிலத்திலும் அப்படியே செய்தார்கள்: ராமநாதனுக்கு 'ஆர்எம்.', சிதம்பரத்துக்கு 'சிடி.', பழனியப்பனுக்கு 'பிஎல்.' என்று ஒரே பெயருக்கு இரண்டு எழுத்துகள். 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், நடுவில் நிற்கும் 'சிடி' இரண்டு பெயர்களின் எழுத்துகள் அல்ல, ஒரு சிதம்பரம். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பரின் 'ஏ.வி.'யும் அவர் தகப்பனார் ஆவிச்சியின் பெயரைக் குறிப்பதே. ஆவிச்சி என்ற பெயர் இன்று எங்கள் ஊர்ப் பக்கமே அருகிவிட்டது என்றாலும், அதன் இரண்டு எழுத்துகள் தமிழ் சினிமா பார்த்த அத்தனை பேர் கண்ணிலும் பட்டிருக்கின்றன.

இந்த விலாசம் கடல் கடந்தும் செல்லுபடியானது. ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளிலும் (எங்களவர் தொழில் நடத்திய கூடங்கள்) ஆளின் பெயரைக் காட்டிலும் விலாசத்துக்குத்தான் மதிப்பு. முதலாளி ஊரில் இருப்பார், அவருடைய முகவரான மேலாள் மூன்று வருடக் கணக்குக்குப் போய்த் திரும்புவார், அடுத்த கணக்குக்கு வேறு ஆள் போவார், பெயர்ப் பலகையிலும் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டிலும் விலாசம் மட்டும் மாறாமல் நிற்கும். ஆகவே குடும்பப்பெயருக்கு மிக நெருங்கியது என்று எங்களிடம் எதையாவது சொல்ல வேண்டுமானால் அது விலாசம்தான். ஆனால் கடவுச்சீட்டு விண்ணப்பம் முதலெழுத்துகளை ஏற்பதில்லை. விரித்து எழுதச் சொல்கிறது. இத்தனை தலைமுறை விலாசத்தை விரித்து எழுதினால் கட்டத்துக்குள் அடங்காது. என் தம்பி வெளிநாட்டுக்குக் கிளம்பிய காலத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் தகப்பனார் பெயரை எழுதினான். அவன் பெயருக்குப் பின்னால் அப்பச்சியின் பெயர் நின்றது. அதுவரை தவறில்லை. அவனுக்கு அங்கே பிள்ளைகள் பிறந்தபோது, அந்நாட்டு வழக்கப்படி தகப்பனின் குடும்பப்பெயரே பிள்ளைகளுக்கும் வந்தது. சுற்றிக்கொண்டிருந்த பெயர் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

இதில் வேடிக்கையான சிக்கல் ஒன்று வந்தது. தம்பியின் மூத்த மகனுக்கு வழக்கப்படி ஐயாவின் பெயரை இட வேண்டும். ஐயாவின் பெயரோ ஏற்கெனவே குடும்பப்பெயராக உட்கார்ந்திருக்கிறது. ஊரில் இருந்த என் ஆத்தா பெயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எனவே பையன் சட்டப்படி 'சாத்தப்பன் சாத்தப்பன்' ஆனான். தடுப்பூசி அட்டை முதல் பள்ளிச் சேர்க்கை வரை எங்கே போனாலும் எழுத்தர்கள் ஒரு சாத்தப்பனை அடித்துவிட்டு, "ஒரே பெயர் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது" என்று திருத்தி அனுப்பினார்கள். ஒருமுறை விமானச் சீட்டில் ஒரு பெயர் விடுபட்டு, கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை என்று பயண நாளில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு தம்பி பையனுக்கு இன்னொரு பெயரைச் சட்டப்படி முன்னால் சேர்த்தான். இன்று அவனுக்கு வெளியில் ஒரு பெயர், கல்யாணமான தம்பதிகளைப் பதியும் கோயில் புள்ளிக் கணக்கிலும் சொந்தபந்தங்களிடமும் சாத்தப்பன். நகரத்தார் என்றில்லை, ஐயா பெயரைப் பேரனுக்கு இடும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இது நேரும். வெளிநாட்டில் குடியேறத் தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராக எழுதும் இளைஞர், தமக்குப் பிறக்கப்போகும் மூத்த மகனுக்கும் அதே பெயரைத்தான் வைக்கப்போகிறோம் என்பதை அப்போதே நினைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

ஒரே வம்சம் நாட்டுக்கு நாடு வேறு உருவில் பதிவாகியிருப்பதையும் இந்தத் தேடலில்தான் கவனித்தேன். மலேசியாவில் இருக்கும் எங்கள் பங்காளிகளுக்குக் குடும்பப்பெயர் தேவைப்படவில்லை, அங்கே பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' என்று போடுகிறார்கள், மலாய் மொழியில் 'மகன்' என்பதன் சுருக்கம் அது, பெண்ணுக்கு 'ஏ/பி'. சிங்கப்பூரில் அதையே 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று ஆங்கிலச் சுருக்கமாக எழுதும் வழக்கம் இருந்தது. தமிழ் முறையைக் குலைக்காமல் காப்பாற்றியவை இந்த இரண்டு நாடுகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தகப்பன் பெயர் அங்கே தகப்பன் பெயராகவே இருக்கிறது, பேரனுக்கு இறங்குவதில்லை.

பொருள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ஆண் பெயர்களில் பாதி 'அப்பன்' என்று முடியும்: பழனியப்பன், அழகப்பன், மெய்யப்பன், தேனப்பன், நாச்சியப்பன், கண்ணப்பன். சாத்தப்பனில் அப்பனைக் கழித்தால் எஞ்சுவது சாத்தன். அது மிகப் பழைய தமிழ்ப் பெயர். சாத்து என்றால் வணிகக் கூட்டம். மாடுகளிலும் வண்டிகளிலும் சரக்கேற்றிக்கொண்டு, கள்வருக்கு அஞ்சிக் கூட்டமாகப் பெருவழியில் சென்றவர்கள். வடமொழியில் சார்த்தம் என்பதும் இதுவே. கோவலனின் தந்தை மாசாத்துவான்; கண்ணகியின் தந்தை மாநாய்கன், அவர் கலத்தில் சென்று வாணிகம் செய்பவர். மணிமேகலை பாடியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலம் என்றால் தானியம். ஆக, வாணிகத்தோடு இந்தப் பெயர் பழங்காலத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. செங்கடல் கரையில் எகிப்தின் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன, அவை கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணித்திருக்கிறார்கள். எங்கள் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த ஓடுகளிலும் குவிரன், ஆதன் என்று ஆட்பெயர்கள் உண்டு. தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்தவன் எந்த நூற்றாண்டிலும் இருந்திருக்கிறான்.

சாத்தன் என்பது அய்யனாருக்கும் பெயர். சாஸ்தா, சாத்தா, சாத்தன் என்ற மூன்றும் ஒரே தெய்வத்தைச் சுட்டுகின்றன. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமணசமுத்திரத்து அய்யனார் கோயிலுக்கு முன் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு; அய்யனாருக்கு மண்குதிரை செய்து எடுத்துச் செல்லும் புரவி எடுப்பு விழா இல்லாத ஊரும் குறைவு. வழியில் வரும் சாத்துக்குக் காவலாக நின்ற தெய்வம் என்பதால்தான் சாத்தன் என்ற பெயர் வந்தது என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஆனால் ஐயா பெயரை வைத்த எங்கள் வீட்டார் மனத்தில் வாணிகக் கூட்டம் இருந்திருக்காது, அய்யனாரோ அல்லது வெறுமனே முன்னோர் பெயரோதான் இருந்திருக்கும்.

தம்பி மகள் பெண் என்பதால், ஆண் பெயரைச் சுமக்கிறோமே என்று அவளுக்குள் ஒரு குறை. இதற்குச் சங்ககாலத்திலிருந்தே பதில் இருக்கிறது. சாத்தனுக்குப் பெண்பால் சாத்தி. புறநானூற்றில் 'கெடுக சிந்தை' என்று தொடங்கும் 279ஆம் பாட்டைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். அந்த ஒக்கூர், சிவகங்கைக்கு அருகில் இருக்கும் ஒக்கூர்தான் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். தேவகோட்டையிலிருந்து காரில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம். அவள் விடுமுறைக்கு வந்தபோது அழைத்துப்போய்க் காட்டினேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்தவர்கள் என்பது எங்கள் மரபு வழக்கு. கோவலனும் அந்த ஊர்க்காரன், அவன் தகப்பன் மாசாத்துவான், எனவே சாத்தப்பன் வீட்டார் அந்த வழியினர் என்று கோக்க ஆசை வரும். என் உறவினர் ஒருவர் குடும்ப மலர் ஒன்றில் அப்படியே எழுதியும் விட்டார். பெயர் ஒன்றாக இருப்பதால் வம்சம் ஒன்றாகிவிடாது. சாத்தன் என்ற பெயர் எல்லாக் குடிகளிலும் வழங்கியது, புலவரும் வைத்துக்கொண்டார்கள், தச்சரும் உழவரும் வைத்துக்கொண்டார்கள். பெயரின் வரலாறு வேறு, குடும்பத்தின் வரலாறு வேறு. முதலாவதை நூல்களிலும் கல்வெட்டுகளிலும் தேட வேண்டும், இரண்டாவதை வீட்டுப் பெட்டகத்தில்தான் தேட வேண்டும்.

பெட்டகத்தில் எங்களுக்குக் கிடைத்தவை: சில கிரயப் பத்திரங்கள், ஒரு பேரேடு, கல்யாண மொய் ஏடுகள், என் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனபோது எழுதிய சம்பளச் சீட்டு. இந்தச் சம்பளச் சீட்டைப் பலர் வெறும் காகிதம் என்று எண்ணிக் கழித்துவிடுகிறார்கள். முதலாளியின் விலாசம், ஊர், போகிறவரின் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர், தவணை, சம்பளம் அத்தனையும் ஒரே தாளில் இருக்கும். பெயர் தேடுபவருக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அடுத்தது இசைகுடிமானம். எங்கள் கல்யாணங்களில் இரு வீட்டாரும் ஒப்பி எழுதும் இந்த ஆவணம் முன்பு ஓலையில் எழுதப்பட்டது. மணமக்களின் பெயரோடு பெற்றோர் பெயரும் இருப்பதால், ஒரு கல்யாணத்திலிருந்து இரண்டு குடும்பங்களைப் பின்னோக்கிப் பிடிக்கலாம்.

பேரேட்டில்தான் எனக்குப் பெரிய முடிச்சு விழுந்தது. ஒரு பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'விய வருஷம் தை மாதம்', பிறகு எங்கள் விலாச எழுத்து, சாத்தப்பன் என்ற பெயர், தமிழ் எண்களில் தொகை. தமிழ் ஆண்டுகள் 60, சுற்றி வருபவை. விய என்பது 1886-87ஆகவும் இருக்கலாம், 1946-47ஆகவும் இருக்கலாம். எங்கள் பெயர்களும் தலைமுறை விட்டுத் தலைமுறை சுற்றி வருபவை. 1886இல் பெரிய ஆளாக இருந்த என் ஐயாவின் தகப்பனாரும் சாத்தப்பன், 1946இல் இளைஞராக இருந்த என் அப்பச்சியும் சாத்தப்பன். இரண்டு பேருடைய தகப்பனாருக்கும் ஒரே பெயர் என்பதால் முதலெழுத்தும் ஒன்றே. ஆண்டும் பெயரும் தலைப்பெழுத்தும் மூன்றும் பொருந்திவிட, 60 வருட இடைவெளியில் இரண்டு ஆட்கள் ஒரே வரியில் நிற்கிறார்கள். அந்த வரியில் குறித்திருந்த நிலத்துக்குரிய கிரயப் பத்திரம் வேறொரு கட்டில் அகப்பட்டது. அதன் முத்திரைத்தாளின் தலைப்பில் ராணி விக்டோரியாவின் முகம். 1946 என்றால் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருந்திருக்கும். எனவே பேரேட்டில் இருப்பவர் என் ஐயாவின் தகப்பனார் என்று முடிவாயிற்று. தமிழ் ஆண்டு மட்டும் இருக்கும் ஏட்டை வைத்துக்கொண்டு யாரும் அவசரப்பட்டு வம்சாவளி எழுதக்கூடாது. முத்திரைத்தாளில் இருக்கும் முகம், தேதியோடு சேர்ந்து வரும் கிழமை, கூடவே குறிப்பிடப்படும் வேறு ஆட்கள் என்று இன்னொரு பிடி கிடைத்த பிறகே ஆங்கில ஆண்டை எழுத வேண்டும்.

பிள்ளை கூட்டுதல் இன்னொரு முடிச்சு. பிள்ளை இல்லாதவர் ஒரே கோயிலைச் சேர்ந்த இன்னொரு வீட்டுப் பையனைச் சுவீகாரம் எடுத்துக்கொள்வது எங்களிடம் சாதாரணம். கூட்டிய நாளிலிருந்து அவருக்குத் தகப்பன் மாறிவிடுவதால் முதலெழுத்தும் மாறிவிடும். என் ஐயாவின் உடன்பிறந்தவர் ஒருவர் இப்படிக் கூட்டிக்கொடுக்கப்பட்டவர். அவர் வழியினர் மலேசியாவில் வேறு எழுத்தோடு இருப்பதால் எங்களுக்கு உறவே இல்லை என்று இளையவர்கள் நினைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் வயதான ஆச்சி ஒருவர்தான் இந்தத் தொடர்பைச் சொன்னார். அதன் பிறகே ஆவணத்தைத் தேடி எடுத்தோம். ஏட்டைத் திறப்பதற்கு முன் ஆச்சிமாரிடம் பேசிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏடு அடுத்த வருடமும் இருக்கும்.

இவை எல்லாவற்றிலும் வழி தப்பினால் திரும்பிப் போய்ச் சேரும் இடம் கோயில். நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என ஒன்பது கோயில்கள். இளையாத்தங்குடிக்கும் மாத்தூருக்கும் ஏழு ஏழு உட்பிரிவுகள் உண்டு. ஒக்கூருடையார், அரும்பாக்கூருடையார் என்பவை அந்தப் பிரிவுப் பெயர்கள். உண்மையில் வழிவழியாக மாறாமல் வருவது இந்தப் பெயர்தான், ஆனால் இதைக் குடும்பப்பெயராக எழுதிக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வருவதாலும், கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளியாகக் கோயில் கணக்கில் ஏறுவதாலும், எந்த வீட்டில் யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது என்ற விவரம் அங்கே கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் "எங்கள் சர்நேம் இது" என்று தொடங்கினால் கோயிலில் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கோயில், பிரிவு, ஊர், விலாசம், ஐயா பெயர் என்ற வரிசையில் சொன்னால் கணக்கர் சரியான ஏட்டை எடுத்துவிடுவார்.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சொல்ல வேண்டும். சாத்தப்பனை ஒரு 'டி' போட்டும், இரண்டு 'டி' போட்டும், நடுவே 'எச்' சேர்த்தும், கடைசி 'என்'னை விட்டுவிட்டு 'சாத்தப்பா' என்றும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்திலேயே அண்ணன் தம்பிக்கு வேறு வேறு கூட்டல். இதனால் இந்தப் பெயர் உலகில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று யாராவது எண்ணினாலும், ஒரே பெயர் பல பெயராகச் சிதறி, ஒவ்வொன்றும் அரிய பெயராகத் தெரியும். அதோடு தமிழ்நாட்டில் இந்தப் பெயர் கொண்ட பெரும்பாலோருக்கு அது குடும்பப்பெயராக இல்லை, சொந்தப் பெயராக இருக்கிறது. தம்பி மகளிடம் நான் சொன்னது இதுதான்: உன் குடும்பப்பெயர் அரிது, உன் பெயர் அரிதன்று.

அரிய குடும்பப்பெயர்கள் இப்படி எப்போது உண்டாயின என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பழங்காலத்தில் கடல் கடந்தவர்கள் பெயரோடு சாதிப் பட்டத்தையும் கொண்டுபோனார்கள். பதிவு செய்த வெள்ளைக்காரர் கடைசிச் சொல்லையே குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டார். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் சென்ற தென்னாப்பிரிக்காவில் செட்டி, பிள்ளை, நாயுடு என்பவை குடும்பப்பெயர்களாயின. மலாயாவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய் 1962இல் முடிந்த ஒரு வழக்கு, சட்டம் படிப்பவர்களிடையே 'செட்டியார் எதிர் செட்டியார்' என்றே வழங்குகிறது. ரப்பர்த் தோட்ட விதிகளிலிருந்து தப்பத் தகப்பன் தன் நிலத்தில் 40 ஏக்கரை மகன் பெயருக்கு எழுதிவைத்து, பிறகு திருப்பிக் கேட்ட வழக்கு அது. தகப்பன் அருணாசலம், மகன் பழனியப்பன் என்ற இரண்டு தனித்தனிப் பெயர்கள் இருக்க, பட்டத்தை மட்டும் எடுத்துத் தலைப்பாக்கியதில் யார் யாரை எதிர்த்தார் என்பதே தெரியாமல் போயிற்று. இதற்கிடையே 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடும்படி தீர்மானித்தது. மெல்ல மெல்ல எங்கள் பக்கத்திலும் பட்டம் இல்லாமல் பெயர் எழுதுவது வழக்கமாயிற்று. அப்படிப் பட்டம் துறந்த தலைமுறையின் பிள்ளைகள் வெளிநாடு போனபோது குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பத் தகப்பன் பெயர் ஒன்றே கையில் இருந்தது. ஒருவரின் குடும்பப்பெயர் 'செட்டியார்' என்றிருந்தால் அவர் குடும்பம் முன்பே போனது, 'சாத்தப்பன்', 'தேனப்பன்', 'நாச்சியப்பன்' என்றிருந்தால் பின்னால் போனது என்று நான் பொதுவாக ஊகித்துக்கொள்கிறேன். பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

இன்று விண்ணப்பம் நிரப்புபவர்களுக்குச் சில செய்திகள். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்றாலும், விட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப்பெயராக்கி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் 'எஃப்.என்.யூ.' என்ற மூன்று எழுத்துகளைப் போட்டுவிடுகிறார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயருக்கு இது தேவையா? ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல், ஒற்றைப் பெயர் கொண்ட கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசாவை மறுத்து வருகிறது. பின்பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் ஏற்கிறது. பான் அட்டை எண்ணில் ஐந்தாவது எழுத்து, குடும்பப்பெயரின் முதல் எழுத்து. தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராக எழுதியவருக்கு அங்கே தகப்பனின் எழுத்து நிற்கும், ஒற்றைப் பெயர்க்காரருக்குச் சொந்த எழுத்து நிற்கும். வீட்டில் உள்ளவர்களின் பான் எண்களை எடுத்துப் பார்த்தால் யார் எப்படி விண்ணப்பித்தார்கள் என்பது தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான், கடவுச்சீட்டு நான்கிலும் ஒரே வரிசை, ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முதலெழுத்தோடு உள்ள சான்றிதழை விரித்த பெயரோடு பொருத்த வேண்டிய நிலை வந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அந்த இதழின் படிகளைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். கேட்கும் இடங்கள் பல.

குழந்தைக்கு எதைக் குடும்பப்பெயராக வைப்பது என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று வழிகளைச் சொல்வதுண்டு. மலேசியா, சிங்கப்பூர் போல மகன், மகள் என்று எழுத இடமுள்ள நாட்டில் அதையே பின்பற்றலாம். இந்தியக் கடவுச்சீட்டோடு இருக்கும்வரை ஒவ்வொரு தலைமுறையும் தத்தம் தகப்பன் பெயரை எழுதலாம்; அப்பனுக்கும் பிள்ளைக்கும் குடும்பப்பெயர் வேறாக இருப்பதால் குடியேற்ற அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். நிலையாக வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு பெயரை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், அடுத்த தலைமுறையில் மூத்த மகனுக்கு இடவேண்டிய பெயரை விட்டுவிட்டு, ஒரு தலைமுறை மேலே போய் எடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் உதவாது, மேலே போனாலும் அதே இரண்டு பெயர்கள்தான் மாறி மாறி வருகின்றன. ஊர்ப் பெயரையோ கோயில் பிரிவுப் பெயரையோ எடுப்பதுதான் மோதல் இல்லாத வழி. எனக்கு அதுவே சரியென்று படுகிறது, என் பேச்சை இதுவரை எவரும் கேட்கவில்லை.

தம்பி மகள் கல்யாணத்துக்குப் பிறகும் சாத்தப்பன் என்ற குடும்பப்பெயரை மாற்றவில்லை. அவள் பிள்ளைக்குக் கணவர் வீட்டுப் பெயர் வரும். மெல்பர்னில் இந்தப் பெயர் இனி அவள் தம்பியின் பிள்ளைகள் வழியாகத் தலைமுறைதோறும் நடக்கும். தேவகோட்டையில் என் பேரனுக்கு மூத்த மகன் பிறந்தால் அவனுக்கு முதற்பெயராக வரும். அவர்கள் ஒருவரையொருவர் பிற்காலத்தில் அடையாளம் கண்டுகொள்ள, ஐந்து தலைமுறையை ஒரே தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, மேலே கோயில், ஊர், விலாசம் மூன்றையும் குறித்து, கூட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு இரண்டு தகப்பன்மார் பெயரையும் போட்டு, ஒவ்வொருவர் ஆங்கிலப் பெயரையும் அவரவர் ஆவணத்தில் உள்ள கூட்டலிலேயே எழுதி, பங்காளிகள் எல்லாருக்கும் படி அனுப்பியிருக்கிறேன்.